ஊட்டி மலர்க் காட்சித் தொட்டிகள்: சமவெளி மாடியில் எது வரும், எந்தத் தேதியில் விதைப்பது?

மாடித்தோட்டம் மதுரை:

வணக்கம் நண்பர்களே. ஊட்டி அரசு தாவரவியல் பூங்காவில் மே மாத மலர்க் காட்சியைப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன். கார்னேஷன் பூக்களால் கட்டிய பெரிய உருவங்களைச் சுற்றித்தான் கூட்டம் மொய்க்கிறது. செடி வளர்க்கிறவர்கள் பார்க்க வேண்டியது கூரை போட்ட காட்சி மாடங்களில் படிப்படியாக அடுக்கியிருக்கும் தொட்டிகளை. சால்வியா, பெட்டூனியா, டயாந்தஸ், செண்டுமல்லி, டேலியா, கிழங்கு பிகோனியா, சினரேரியா, ரனன்குலஸ், சைக்ளமன் என்று ஒவ்வொன்றும் ஒரு வரிசை.

ஒரே வரிசையில் இருக்கும் தொட்டிகள் எல்லாம் ஒரே உயரம். அடித்தண்டு வெறுமையாகத் தெரியவே இல்லை, தொட்டி விளிம்பு வரை இலை இறங்கியிருக்கிறது. பாதி பூ, பாதி மொட்டு. டேலியாவுக்குக் குச்சி கட்டியிருப்பது பின்பக்கமாகப் போய்ப் பார்த்தால்தான் தெரிகிறது. வெளிச்சத்தைத் தேடி ஒரு பக்கம் சாய்ந்த செடி ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. சில தொட்டிகளை மட்டும் அப்படிக் கொண்டுவருவதே பெரிய வேலை. ஆயிரக்கணக்கில் ஒரே வாரத்தில் பூக்க வைத்திருக்கிறார்கள்.

என் கேள்விகள்: ஒரே நேரத்தில் பூக்க எப்படிக் கணக்குப் போடுகிறார்கள்? இவற்றில் மதுரை மாதிரி ஊரில் எது வரும், எதைத் தொடவே கூடாது? ஊட்டியில் வாங்கிவரும் நாற்றுகள் கீழே வந்ததும் பத்துப் பதினைந்து நாளில் கருகிப்போகிறதே, ஏன்? ஜனவரி 25-ஐ ஒட்டி வீட்டு விசேஷம் ஒன்று இருக்கிறது. அன்றைக்கு 60 தொட்டி பூத்து நிற்க வேண்டும். மாடியில் காலையிலிருந்து மதியம் இரண்டு மணி வரை வெயில். தண்ணீர் போர்வெல்தான், உப்பு கொஞ்சம் அதிகம். அந்த கார்னேஷன் உருவங்கள் வாடாமல் எப்படி நிற்கின்றன என்பதையும் யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.


குன்னூர் நாற்றங்கால்:

முதலில் இரவைப் பாருங்கள். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல். மே மாதத்திலும் ராத்திரி 12 டிகிரி அளவுக்கு இறங்கும். அதே மாதம் மதுரையில் ராத்திரி 26-க்குக் கீழே வருவது அபூர்வம். பகலில் இலை சேர்த்த சர்க்கரையைச் செடி இரவில் சுவாசித்துச் செலவழிக்கிறது. இரவு சூடாக இருந்தால் செலவு அதிகம். பூவுக்குப் போக மிஞ்சுவது குறைவு. பூ சின்னதாகும், நிறம் வெளிறும், தண்டு நீளும். மலையில் சிவப்பும் ஊதாவும் அவ்வளவு அடர்த்தியாக இருப்பதற்குக் குளிர்ந்த இரவுதான் காரணம். எந்த உரம் போட்டாலும் இதை ஈடுகட்ட முடியாது. அதனால் செடியைத் தேர்ந்தெடுக்கும்போதே பாதி வேலை முடிந்துவிட வேண்டும்.

தொடக் கூடாதவை: சினரேரியாவுக்கு மொட்டு வைக்கவே 10 முதல் 13 டிகிரி இரவு ஐந்தாறு வாரம் தொடர்ந்து வேண்டும். சமவெளியில் இலை மட்டும் பெரிதாகி அசுவினி ஏறும், மொட்டு வராது. கால்சியோலேரியாவும் அப்படியே. சைக்ளமனும் ரனன்குலஸும் சூடு கூடியதும் இலையை உதிர்த்துவிட்டுக் கிழங்கோடு உறங்கப் போய்விடும். பூத்த தொட்டியாக வாங்கி வந்தால் இரண்டு வாரம் அழகு பார்க்கலாம், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். கிழங்கு பிகோனியா மதுரை இரவில் அடித்தண்டு அழுகிச் சாயும். ஃபியூஷியா, பிரிமுலா ஆகியவற்றையும் மலைக்கே விட்டுவிடுங்கள்.

சமவெளிக் குளிர்காலத்தில் வரக்கூடியவை: பெட்டூனியா, டயாந்தஸ், சால்வியா, ஃப்ளாக்ஸ், வெர்பினா, அலிசம், குட்டை டேலியா, செண்டுமல்லி. உங்கள் ஜனவரி தேதி இவற்றுக்குப் பொருத்தமானது. பான்சி விதைப் பொட்டலங்கள் கடையில் கிடைக்கும், வாங்காதீர்கள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை ஏதோ பூக்கும், ஆனால் மாடத்தில் பார்த்த பூவில் பாதி அளவுகூட இருக்காது. அதே சாயலுக்கு டொரீனியா போடுங்கள்.

தேதிக் கணக்குக்கு வருகிறேன். காட்சி மே மாதத்தில் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. 2025-ல் நடந்தது 127-ஆவது காட்சி. 1848-ல் தோட்டக்கலைஞர் மெக்ஐவர் உருவாக்கத் தொடங்கிய பூங்கா அது. நாற்றங்கால் வேலை இத்தனை தலைமுறையாகக் கைமாறி வந்திருக்கிறது. பூக்க வேண்டிய நாளை முதலில் குறித்துவிட்டு அங்கிருந்து பின்னோக்கி எண்ணுவார்கள். ஒவ்வொரு இனத்துக்கும் விதையிலிருந்து பூ வரை எத்தனை வாரம், மலைக் குளிரில் அது எவ்வளவு நீளும், கிள்ளினால் எத்தனை நாள் தள்ளும் என்பதுதான் கணக்கு. நீலகிரியில் ஜனவரியில் உறைபனி விழும். இளநாற்று அதில் ஓர் இரவு நின்றால் கருகிவிடும். அதனால் மூடாக்கோ கண்ணாடிக் கூரையோ இல்லாமல் வேலை நடக்காது. குளிரில் வளர்ச்சி மெதுவாக இருப்பதால் சமவெளியில் 11 வாரம் ஆகும் சால்வியா மேலே 14, 15 வாரம்கூட எடுக்கும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் விதைப்பதும் இல்லை. ஒரே இனத்தைச் சில நாள் இடைவெளியில் பிரித்து விதைத்துவிட்டு, காட்சிக்கு முன்பு எந்தத் தொகுதி சரியான பருவத்தில் இருக்கிறதோ அதை மாடத்துக்கு ஏற்றுவது மலைநாற்றங்கால்களின் வழக்கம். கோடை மழை ஒரு மணி நேரம் அடித்தாலே பெட்டூனியா இதழ்கள் ஒட்டிப்போய், மறுநாளே சாம்பல் பூஞ்சை பிடிக்கும். மாடங்களுக்கு மேலே கூரை இருப்பது அதற்காகத்தான்.

நாற்று ஏன் கருகுகிறது என்று கேட்டிருந்தீர்கள். குளிரில், ஈரக் காற்றில், மெல்லிய வெயிலில் வளர்ந்த இலை மென்மையானது, மேல்தோல் தடிக்காதது. வேரோ, தென்னை நார்க்கழிவு நிரம்பிய சின்னக் குழியில் சுருண்டிருக்கும். பூட்டிய காருக்குள் மேட்டுப்பாளையம் தாண்டியதும் 40 டிகிரி தொடும். பின்சீட்டில் மாம்பழக் கூடை இருந்தால் அதிலிருந்து வரும் எத்திலீன் வாயு மொட்டுகளை உதிர்க்கும். வீட்டுக்கு வந்ததும் நேர் வெயிலில் வைத்து, வாடுகிறதே என்று மூன்று வேளையும் தண்ணீர் ஊற்றுவதில் வேரும் அழுகிவிடும்.

வாங்குவதானால் பூக்காத, நான்கைந்து ஜோடி இலையுள்ள நாற்றாகப் பாருங்கள். லேசாக உயர்த்தி வேர் வெள்ளையாக இருக்கிறதா என்று பாருங்கள், பழுப்பாக இருந்தால் வேண்டாம். நீலகிரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை, அட்டைப்பெட்டி கொண்டுபோங்கள். அதில் நிறுத்தி வைத்து, இடைவெளியில் கசக்கிய செய்தித்தாள் திணித்தால் சாயாது. ஊருக்கு வந்ததும் முதல் வாரம் முழு நிழல், இரண்டாம் வாரம் காலை வெயில் ஒரு மணி நேரம், பிறகு படிப்படியாகக் கூட்டுங்கள். வந்த அன்றே தொட்டி மாற்றக் கூடாது, நான்கைந்து நாள் கழித்து மாற்றுங்கள். இவ்வளவும் செய்தாலும் மே மாதத்தில் வாங்கிய பெட்டூனியா மதுரையில் ஜூனைத் தாண்டுவது கடினம்.


காவிரிக்கரைத் தொட்டி, திருச்சி:

குன்னூர் அண்ணன் சொன்ன பின்னோக்கி எண்ணும் கணக்கை ஜனவரி 25-க்குப் போட்டுத் தருகிறேன். சமவெளிக்கு உள்ள தனிச் சிக்கல் என்னவென்றால், நம்முடைய குளிர்காலப் பூவுக்கான விதைப்பு வடகிழக்குப் பருவமழைக்குள் வந்து விழுகிறது. விதைப் பொட்டலங்களில் அச்சிட்ட மாதங்கள் பெரும்பாலும் வட இந்தியாவுக்கானவை. அதைப் பார்த்து செப்டம்பர் தொடக்கத்தில் விதைத்தால் சூட்டில் முளைப்பு குறையும். தப்பியது அக்டோபர் மழையில் அழுகும்.

டயாந்தஸ் 14 வாரம், அக்டோபர் 19-க்குள் விதையுங்கள். பெட்டூனியா 13 வாரம், அக்டோபர் 26. சால்வியா 11 வாரம், நவம்பர் 9. ஃப்ளாக்ஸ் 10 வாரம், நவம்பர் 16. பெரிய பூ செண்டுமல்லியும் 10 வாரம்தான், ஆனால் நுனி கிள்ளினால் பத்து நாள் தள்ளும். ஆகவே கிள்ளுவதாக இருந்தால் நவம்பர் 6. குட்டை பிரெஞ்சு செண்டுமல்லிக்கும் ஜின்னியாவுக்கும் 8 வாரம் போதும், நவம்பர் 30. இந்தத் தேதிகளை நடுத்தொகுதியாக வைத்து, எட்டு நாள் முன்பு ஒன்று, எட்டு நாள் பின்பு ஒன்று என்று மூன்றாகப் பிரித்து விதையுங்கள். 60 தொட்டி வேண்டுமென்றால் 90 தொட்டி வளர்க்க வேண்டும். எல்லாம் ஒரே உயரத்தில் நிற்க வேண்டுமானால் கழித்துவிட முப்பதாவது கையில் இருக்க வேண்டும்.

98 குழிகள் உள்ள நாற்றுத் தட்டில் விதைப்பு. நார்க்கழிவுக் கட்டியை ஊற வைத்து, வடிகிற தண்ணீரின் உப்பு ஊற்றிய தண்ணீரின் அளவுக்கு இறங்கும் வரை மூன்று நான்கு முறை அலசுங்கள். இதைச் செய்யாததால்தான் பல வீடுகளில் நாற்று இரண்டு இலையோடு நின்றுபோகிறது. 5 கிலோ கட்டிக்கு, அழுகலைத் தடுக்கும் நன்மைப் பூஞ்சையான டிரைகோடெர்மா 50 கிராம் கலந்து ஈரமாக ஒரு வாரம் நிழலில் வையுங்கள். பெட்டூனியா விதை ஒரு கிராமில் பத்தாயிரம் அளவுக்கு இருக்கும், தூசி மாதிரி. உருண்டையாகப் பூச்சிட்ட விதை வாங்கினால் குழிக்கு ஒன்று என்று ஊசி முனையால் வைக்கலாம். சும்மா விதையாக இருந்தால் பத்துப் பங்கு நைசான காய்ந்த மணலோடு கலந்து தூவுங்கள். மேலே மண் போடக் கூடாது, முளைக்க வெளிச்சம் வேண்டும். சால்வியாவுக்கும் அப்படியே. டயாந்தஸ், செண்டுமல்லி, ஜின்னியாவுக்கு விதையின் கனம் அளவுக்கு மூடினால் போதும். பிறகு கைத்தெளிப்பான், பூவாளி வேண்டாம்.

ஈரம் காக்கத் தட்டின் மேல் வெளிச்சம் புகும் தாள் போட்டிருந்தால், முளை கண்ணில் பட்ட அன்றே அதை எடுத்துவிடுங்கள். ஒரு நாள் தாமதித்தாலே தண்டு நூலாக நீண்டுவிடும், பிறகு எதுவும் செய்ய முடியாது. மாடத்தில் பார்த்தீர்களே, தொட்டி விளிம்பு வரை இலை இறங்கியது, அது இந்த முதல் வாரத்தில் தீர்மானமாகிற விஷயம். தட்டுகளுக்கு மேலே வெளிச்சம் புகும் பாலித்தீன் கூரை கட்டாயம், பக்கங்கள் திறந்திருக்க வேண்டும். தண்ணீர் காலையில் மட்டும். மாலையில் ஈரமாக விட்டால் நாற்றழுகல் ஒரே இரவில் தட்டின் பாதியைச் சாய்க்கும். சாய்ந்த நாற்றையும் அதைச் சுற்றிய இரண்டு வரிசைக் குழிகளையும் உடனே எடுத்துவிடுங்கள். தினமும் இரண்டு முறை உள்ளங்கையால் நாற்று நுனிகளை லேசாகத் தடவிவிட்டால் தண்டு குட்டையாகவும் தடிமனாகவும் வரும். வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மருந்துகளைப் பண்ணைகளில் பயன்படுத்துவார்கள், வீட்டுக்கு அது வேண்டாம். அளவு கொஞ்சம் கூடினாலும் செடி சூம்பிப் பூவும் சிறுத்துவிடும்.

இரண்டு ஜோடி உண்மை இலை வந்ததும், தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ள 19:19:19 உரம் ஒரு லிட்டருக்கு 1 கிராம், வாரம் ஒருமுறை. தொட்டிக்கு மாற்றிய பிறகு 2 கிராம். மொட்டு கண்ணில் பட்டதும் அதை நிறுத்திவிட்டு, சாம்பல் சத்து கூடுதலாக உள்ள 13:0:45 உரம், லிட்டருக்கு 2 கிராம். மொட்டுப் பருவத்தில் தழைச்சத்தைத் தொடர்ந்தால் இலை கொழித்துப் பூ பின்தங்கும். தேதி தவறுவதற்கு முக்கியக் காரணம் இது.

தொட்டி 8 அங்குலம். செம்மண் இரண்டு பங்கு, அலசிய நார்க்கழிவு ஒன்று, மண்புழு உரம் ஒன்று, தொட்டிக்கு வேப்பம் புண்ணாக்கு 20 கிராம். ஒரு தொட்டிக்கு ஏறக்குறைய 4 லிட்டர் கலவை, 90 தொட்டிக்கு 360 லிட்டர். 5 கிலோ கட்டி ஊறினால் 70 லிட்டருக்குக் குறையாது, இரண்டு கட்டி வாங்குங்கள். ஜின்னியாவை மட்டும் தட்டில் வளர்க்காமல் நேராகத் தொட்டியில் மூன்று விதை போட்டு ஒன்றை விடுங்கள், வேர் அசைந்தால் அதற்குப் பிடிக்காது.

கிள்ளுவதற்கும் கடைசித் தேதி உண்டு. பெட்டூனியா 7, 8 செ.மீ. உயரத்தில் ஒருமுறை. சால்வியா மூன்றாவது நான்காவது ஜோடி இலைக்கு மேலே ஒருமுறை. இரண்டுக்கும் டிசம்பர் 15-க்குப் பிறகு கத்தரி படக் கூடாது. பிரெஞ்சு செண்டுமல்லியைக் கிள்ள வேண்டாம், முதல் மொட்டை மட்டும் எடுத்துவிட்டால் பக்கக் கிளைகள் ஒன்றாகப் பூக்கும். தொட்டிகளை ஒட்டி ஒட்டி அடுக்காதீர்கள். பக்கத்துச் செடியின் இலை உரசத் தொடங்கினால் இடைவெளியைக் கூட்டுங்கள், இல்லையென்றால் உயரப் போட்டி தொடங்கிவிடும். மூன்று நாளுக்கு ஒருமுறை ஒவ்வொரு தொட்டியையும் கால் சுற்று திருப்புங்கள். உங்களுக்கு வெயில் ஒரு பக்கத்திலிருந்து வருவதால் இதை விடவே கூடாது. மாடத்தில் ஒரு செடியும் சாயாமல் நின்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

போர்வெல் நீர்தான் உங்கள் பெரிய தலைவலி. பெட்டூனியா கடின நீரில் இரும்புச்சத்தை எடுக்க முடியாமல் இளம் இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். மழைக்காலம்தானே, ஒரு 200 லிட்டர் டிரம்மில் மொட்டைமாடித் தண்ணீரைப் பிடித்து வைத்தால் குழித்தட்டுப் பருவம் முழுவதற்கும் போதும், ஒரு நாளைக்கு 2 லிட்டர்தான் செலவாகும். பெரிய தொட்டிக்குப் போன பிறகு போர்வெல் நீர் ஊற்றினாலும், பதினைந்து நாளுக்கு ஒருமுறை மழைநீரை அடியில் வழியும் வரை ஊற்றி உப்பைக் கழுவுங்கள். வெளுப்பு தெரிந்தால் அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம், சிட்ரிக் அமிலம் 1 கிராம் கலந்து மாலையில் இலையில் தெளியுங்கள். பூ வந்த பிறகு தெளித்தால் இதழில் கறை விழும்.


பூக்கட்டு சேலம்:

கார்னேஷன் உருவங்களைப் பற்றிச் சொல்கிறேன். இரும்புக் கம்பியில் கூடு, அதன் மேல் பூ அலங்காரத்துக்கான பச்சை நுரைக்கட்டி, அதில் குட்டையாக நறுக்கிய பூக்காம்புகள். வெட்டிய பூக்களில் கார்னேஷன் நெடுநாள் நிற்பது, இதழ் நெருக்கமானது, சதுர அடிக்குக் கணக்குப் போட்டு நிரப்பலாம். நீலகிரியிலேயே பசுமைக்குடில்களில் பயிராகிறது என்பதால் அங்கு அது முதல் தேர்வு. குளிர்ந்த காற்று வேறு துணை. அதே உருவத்தை மதுரையில் வைத்தால் இரண்டாம் நாளே தலை தொங்கும்.

வீட்டு விசேஷத்துக்குச் சின்னதாகச் செய்வதென்றால் நுரைக்கட்டியைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, தானாக மூழ்கும் வரை காத்திருங்கள். கையால் அமுக்கினால் வெளிப்பக்கம் நனைந்து நடுவில் காற்று தங்கிவிடும். அந்த இடத்தில் குத்திய பூ முதலில் வாடும். காம்பைச் சாய்வாக வெட்டி ஒரே குத்தில் 3 செ.மீ. இறக்குங்கள். பாதியில் வெளியே இழுத்தால் அடியில் வெற்றிடம் விழும், காம்புக்குத் தண்ணீர் ஏறாது, வேறு இடத்தில் புதிதாகக் குத்த வேண்டும். ஒருமுறை காய்ந்த கட்டி மறுபடி சரியாக நனையாது.

அந்த நுரை மக்கவே மக்காது, பொடிந்து மண்ணில் கலக்கும். லண்டன் செல்சி மலர்க் காட்சியை நடத்தும் ராயல் தோட்டக்கலைச் சங்கம் 2021 முதல் தன் காட்சிகளில் அதைத் தடை செய்துவிட்டது. நம் காட்சிகளும் அந்த வழிக்கு வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வீட்டுக்குக் கோழிவலையைச் சுருட்டித் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் அமுக்கி, அந்தக் கண்ணிகளில் காம்பைச் செருகினாலே போதும். பூவும் கூடுதல் நாள் நிற்கும், ஏனென்றால் காம்பு நேராகத் தண்ணீரில் இருக்கிறது. லிட்டருக்குச் சர்க்கரை 20 கிராம், சிட்ரிக் அமிலம் கால் கிராம், வீட்டு பிளீச் திரவம் சில சொட்டு. சர்க்கரை மட்டும் போட்டு மற்ற இரண்டையும் விட்டால் பாக்டீரியா பெருகிக் காம்பு அடைத்துக்கொள்ளும். வாழைப்பழம், மாம்பழம் வைத்த அறையில் கார்னேஷனை வைக்காதீர்கள். குன்னூர் அண்ணன் சொன்ன அதே எத்திலீனில் இதழ்கள் உள்நோக்கிச் சுருண்டு மூடிக்கொள்ளும், மறுபடி விரியாது.


நெய்தல் மாடி, சென்னை:

திருச்சி நண்பரின் கணக்கில் ஒரு மாற்றம். கடற்கரையோரம் இருப்பவர்கள் ஒவ்வொரு தேதியையும் ஒரு வாரம் பின்னால் தள்ளலாம். இங்கே நவம்பர் முழுக்க மழை, ஆனாலும் இரவு சூடு குறைவதில்லை. நாற்று வேகமாக நீண்டு முன்னதாகவே பூத்துவிடுகிறது. சால்வியாவையும் நான் அவ்வளவாகப் பரிந்துரைக்க மாட்டேன். ஈரக் காற்றிலும் இரவு வெப்பத்திலும் கீழிலை உதிர்ந்து தண்டு தெரியும், மாடத்தில் பார்த்த அந்த நிறைவு வராது. அதே சிவப்புக்குக் குட்டைக் கோழிக்கொண்டை போடுங்கள், 8 வாரத்தில் வரும்.

இலைப்பேனைப் பற்றி யாரும் சொல்லவில்லை. பெட்டூனியா, செண்டுமல்லி இரண்டிலும் மழை ஓய்ந்த டிசம்பர் கடைசியில்தான் ஏறும், சரியாக மொட்டுப் பருவத்தில். இதழ் ஓரம் வெள்ளிக் கோடு விழுந்து பூ கோணலாக விரியும். டிசம்பர் தொடக்கத்திலேயே பத்துத் தொட்டிக்கு ஒன்று என்று நீல ஒட்டுப்பொறி வையுங்கள். வேப்பெண்ணெய் 5 மி.லி., கரைய ஒரு மி.லி. சோப்புக் கரைசல், ஒரு லிட்டர் தண்ணீர், வாரம் ஒருமுறை மாலையில், இலையின் அடிப்பக்கம் நனையும்படி. பூ விரியத் தொடங்கியதும் நிறுத்திவிடுங்கள்.


மாடித்தோட்டம் மதுரை:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. சால்வியாவைப் பத்துத் தொட்டியோடு நிறுத்தி, மீதியைக் கோழிக்கொண்டைக்குக் கொடுக்கிறேன். இன்னும் இரண்டு கேள்வி. பூங்காவில் புல்வெளி ஓரங்களில் சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாக இலையிலேயே கோலம் போட்ட மாதிரி பாத்திகள் இருந்தன. அது சமவெளியில் முடியுமா? அடுத்தது, ஊட்டி விஜயநகரத்தில் உள்ள ரோஜாப் பூங்காவையும் பார்த்தேன். அந்த ரோஜாக்களை ஒரு தேதிக்குப் பூக்க வைக்க முடியுமா? சித்திரை, வைகாசி வெயிலில் எதை வைத்து மாடியை நிரப்புவது என்றும் சொல்லுங்கள்.


கோவை ரோஜா:

ரோஜாவுக்கும் அதே பின்னோக்கிய எண்ணிக்கைதான், விதைக்குப் பதில் கத்தரி. அந்தப் பூங்கா நூறாவது மலர்க் காட்சியின் நினைவாக 1995-ல் உருவானது. 2006-ல் உலக ரோஜா சங்கங்களின் கூட்டமைப்பு அதற்கு விருது கொடுத்தது. மலைச் சரிவில் அடுக்கடுக்காகத் தளங்கள் போட்டிருப்பதால் வேரில் தண்ணீர் தேங்க வழியே இல்லை. நாம் முதலில் படிக்க வேண்டியது அதைத்தான்.

சமவெளியில் கவாத்து செய்த நாளிலிருந்து 45 முதல் 50 நாளில் முதல் பூ. மலைக் குளிரில் இரண்டு மூன்று வாரம் கூடும். உங்கள் ஜனவரி 25-க்கு டிசம்பர் 6 முதல் 10-க்குள் வெட்டுங்கள். மழை இல்லாத நாளாகப் பார்த்து, காய்ந்த குச்சி, உள்நோக்கிப் போகும் குச்சி, பென்சிலைவிட மெல்லிய குச்சி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, தடித்த கிளை நான்கைந்தை மட்டும் வெளிநோக்கிய கண்ணுக்கு அரை செ.மீ. மேலே சாய்வாக வெட்டுங்கள். வெட்டுவாயில் பூஞ்சைக்கொல்லியான காப்பர் ஆக்ஸிகுளோரைடைத் தண்ணீரில் குழைத்துத் தடவுங்கள், மழை ஈரத்தில் நுனிக்கருகல் அங்கிருந்துதான் இறங்கும். வெட்டுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே தண்ணீரைக் குறைத்து, வெட்டிய பத்து நாள் கழித்து, கண்கள் சிவந்து புடைக்கும்போது உரம் கொடுங்கள். ஒட்டுக்குக் கீழே இருந்து வரும் குச்சியைக் கண்டவுடன் அடியோடு பிடுங்குங்கள், வெட்டினால் இரண்டாக முளைக்கும்.

மலையில் விற்கும் ரோஜாச் செடி எந்த அடிச்செடியில் (ஒட்டுக்குக் கீழே வேரோடு இருக்கும் செடி) ஒட்டியது என்று கேட்டு வாங்குங்கள். மலைக்கு ஏற்ற அடிச்செடியில் ஒட்டியது கீழே வந்தால் மந்தமாகிவிடும். ரகத்தின் பெயரை மட்டும் குறித்துக்கொண்டு வந்து, அதையே சமவெளி நாற்றங்காலில் தேடி வாங்குவதே நல்லது.


காவிரிக்கரைத் தொட்டி, திருச்சி:

நீங்கள் பார்த்த இலைக்கோலப் பாத்தி தாராளமாக வரும். அது ஆல்டர்னாந்திரா, சமவெளிச் சூட்டிலும் வருடம் முழுக்க நிற்கும். 5 செ.மீ. நீளத் துண்டுகளை வெட்டி 6 செ.மீ. இடைவெளியில் நட்டால் பத்துப் பன்னிரண்டு நாளில் வேர் பிடிக்கும். நிறத்துக்கு நிறம் எல்லையில் 2 செ.மீ. கூடுதல் இடைவெளி விடுங்கள், இல்லையென்றால் கோடு கலைந்துவிடும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தட்டையாகக் கத்தரிக்க வேண்டும். ஒரு தடவை தவறினாலே நடுவில் குச்சி தெரியும். வெயில் குறைந்தால் சிவப்பு பச்சையாக மாறும், நிழலில் போடாதீர்கள். தழைச்சத்து கூடினாலும் அதே கதிதான். மாடியில் 15 செ.மீ. ஆழமுள்ள அகலத் தட்டுத் தொட்டி போதும்.

வெயில் மாதங்களுக்கு: நித்தியகல்யாணியின் குட்டை ரகங்கள், பத்துமணிப்பூ, வாடாமல்லி, கோழிக்கொண்டை, ஆரஞ்சு காஸ்மாஸ், பென்டாஸ். நித்தியகல்யாணி விதை மட்டும் இருட்டில் முளைக்கும், முளை வரும் வரை கறுப்புத் துணியால் மூடுங்கள். அதன் வேர் ஈரம் தேங்கினால் அழுகும், மேல் மண் ஓர் அங்குலம் காய்ந்த பிறகே தண்ணீர். சித்திரையில் பூக்க ஜனவரி கடைசியில் விதைக்க வேண்டும். அதாவது உங்கள் 60 தொட்டி பூத்து நிற்கும் அதே வாரத்தில் அடுத்த தட்டு தயாராக இருக்க வேண்டும்.


குன்னூர் நாற்றங்கால்:

இன்னொரு தகவல். செப்டம்பர், அக்டோபரில் ஊட்டியில் இரண்டாம் சீசனுக்கும் மாடங்களில் தொட்டிகள் அடுக்குவார்கள். மே மாத நெரிசல் இருக்காது. வார நாள் காலையில் கதவு திறந்ததும் போனால் ஒவ்வொரு தொட்டியின் முன்பும் நின்று பார்க்கலாம். கணுவுக்குக் கணு எவ்வளவு இடைவெளி, எத்தனையாவது இலையில் கிள்ளியிருக்கிறார்கள், குச்சியை எங்கே கட்டியிருக்கிறார்கள் என்பதெல்லாம் அடிப்பகுதியைக் குனிந்து பார்த்தால் தெரிந்துவிடும். பூவை மட்டும் படமெடுக்காமல் அதையும் பக்கவாட்டிலிருந்து படமெடுங்கள். உங்கள் முதல் தொகுதி டயாந்தஸ் விதைப்பு அக்டோபர் 11-ல் வருகிறது, அதற்கு முன்பே போய்வந்துவிடுங்கள்.